மைனஸ் 99.99: ஆய்வுக் காசுக்கு ஆயுள் குறிப்பது யார்?

புள்ளிவிபரவியல் ஒப்படை ஒன்றுக்காக, ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில் அளக்கப்படும் காபனீரொட்சைட்டின் மாதாந்தத் தரவுகளை இணையத்திலிருந்து இறக்கினோம். கீலிங் வளைகோடு என்று பாடப்புத்தகங்களில் வருமே, வாள் பல்லு மாதிரி ஏறி இறங்கி மேலே போய்க்கொண்டே இருக்கும், அதை நாங்களே ஒருக்கால் வரைந்து பார்ப்பம் எண்ட ஆசை. எக்செலில் போட்டால் கோடு திடீரென்று செங்குத்தாக விழுந்து, பூச்சியத்தையும் தாண்டிக் கீழே போய், திரும்ப மேலே வந்தது. நாங்கள்தான் எங்கேயோ பிழை விட்டுவிட்டோம் என்று நினைத்தோம். பிழை இல்லை. அளவீடு இல்லாத மாதங்களுக்கு அந்தக் கோப்பில் மைனஸ் 99.99 என்று போட்டு வைத்திருக்கிறார்கள். கருவி பூட்டின முதல் வருடமான 1958இல் அப்படிச் சில மாதங்கள் இருக்கின்றன, அது விளங்குகிறது. ஆனால் 1964இல் பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மூன்று மாதம் தொடர்ந்து மைனஸ் 99.99. எரிமலை வெடித்ததோ, கருவி பழுதானதோ என்று தேடினோம். காரணம் அதைவிடச் சாதாரணமானது. காசு நின்றுவிட்டது.

இது எங்களைக் கொஞ்சம் சுட்டது. எங்களில் மூன்று பேர் புவியியல் சிறப்புக் கற்கை மாணவர்கள். ஒரு ஆய்வுத் திட்டத்துக்காக வலிகாமத்தில் பதினாறு கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் இரண்டு தரம் அளந்து கொப்பியில் எழுதியவர்கள். திட்டத்தின் ஆயுள் இரண்டு வருடம். இரண்டு மாரி, இரண்டு கோடை. மூன்றாவது மாரி தொடங்கமுதலே இறுதி அறிக்கை போய்விட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் படலைகளைத் திறக்கவில்லை. பிறகொரு நாள் வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனபோது ஒரு ஆச்சி மறித்துக் கேட்டா: "என்ன பிள்ளையள், இந்த வரியம் கிணறு பாக்க வரேல்லையோ?" என்னத்தைச் சொல்கிறது? கிணறு வற்றேல்லை ஆச்சி, காசுதான் வற்றிப்போச்சு எண்டா?

ஏன் இரண்டு வருடம், ஏன் ஐந்தில்லை, ஏன் பத்தில்லை என்று அப்போது நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. மானியம் என்றால் அதற்கொரு காலம் இருக்கும், அது மேலேயிருந்து வரும், அவ்வளவுதான். உண்மையில் எங்களுக்கு மானியம் என்ற சொல்லைக் கேட்டால் உரமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும்தான் ஞாபகம் வரும். ஆய்வுக்கென்று காசு கொடுத்து, அதற்கொரு தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் போடுகிற வழக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்பது இந்த மூன்று மைனஸ்களைத் துரத்திப் போனபோதுதான் தெரிந்தது.

முதலில் கீலிங்கின் கதை. சார்ள்ஸ் டேவிட் கீலிங் இரசாயனவியலாளர். 1950களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவில், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மிக நுணுக்கமாக அளப்பதற்குத் தானே ஒரு கருவியைச் செய்து, இரவு பகலாகப் போத்தல்களில் காற்றுப் பிடித்துத் திரிந்தவர். அதுவரை இடத்துக்கு இடம் தாறுமாறாக மாறும் என்று நினைத்திருந்த அந்த வாயு, பிற்பகல் வேளைகளில் எங்கே அளந்தாலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதைக் கண்டார். ஸ்கிறிப்ஸ் சமுத்திரவியல் நிறுவகத்தின் தலைவர் றோஜர் றெவெல் அவரைத் தன்னிடம் எடுத்துக்கொண்டார். அமெரிக்க வானிலைப் பணியகத்தின் ஹரி வெக்ஸ்லரும் உதவினார். காசு வந்த இடம் சர்வதேச புவிபௌதிகவியல் ஆண்டு. அந்த "ஆண்டு" உண்மையில் பதினெட்டு மாதம்: 1957 ஜூலை 1 முதல் 1958 டிசம்பர் 31 வரை. ஏன் அந்தப் பதினெட்டு மாதம்? சூரியனில் கரும்புள்ளிகள் உச்சமாக இருக்கும் காலம் அது. சூரியனையும் காந்தப்புயல்களையும் ஆராய்ந்தவர்களுக்கு அந்தக் கணக்குச் சரி. ஆனால் காபனீரொட்சைட்டுக்கும் சூரியப் புள்ளிக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? அதே பந்தியில் இருந்தபடியால் அதற்கும் அதே சாப்பாடு.

இங்கே ஒரு விசயத்தை வடிவாகக் கவனிக்க வேண்டும். றெவெல் முதலில் நினைத்தது தொடர்ச்சியான அளவீடு அல்ல. உலகத்தின் பல இடங்களில் ஒரு தடவை அளந்து ஒரு "படம்" எடுத்துவைப்பது, பத்து இருபது வருடம் கழித்துத் திரும்ப அளந்து ஒப்பிடுவது. பதினெட்டு மாதக் காசுக்கு அளவாக வெட்டின கேள்வி அது. விட்டுவிட்டு அளக்க முடியாது, ஒரே இடத்தில் விடாமல் அளக்க வேண்டும் என்று நின்றவர் கீலிங். 1958 மார்ச் கடைசியில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3400 மீற்றர் உயரத்தில் கருவி ஓடத் தொடங்கியது. முதல் வாசிப்பு 313, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 313 பங்கு. மே வரை அளவு ஏறியது, பிறகு இறங்கியது, திரும்ப ஏறியது. வடவரைக்கோளத்துக் காடுகள் கோடையில் காபனை உள்ளே இழுத்து, மாரியில் வெளியே விடுகின்றன. முழுப் பூமியின் மூச்சையும் ஒரு மலை உச்சியில் இருந்து பார்த்துவிட்டார். விடாமல் அளந்திராவிட்டால் அந்த ஏற்ற இறக்கம் தெரிந்திராது. அதைக் கழித்துப் பார்க்காமல் வருடத்துக்கு வருடம் சேரும் சிறிய அதிகரிப்பும் பிடிபட்டிராது. 1960இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இரண்டுமே இருந்தன.

அதாவது ஆய்வுக்குக் கொடுத்த காலம் முடிந்த பிறகுதான் ஆய்வின் விடை வரத் தொடங்கியது. 1958 முடிய, றெவெலும் சகாக்களும் வேறு கணக்குகளில் இருந்த காசைத் திருப்பி விட்டும், அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றத்திடம் கேட்டும் வேலையை இழுத்துக்கொண்டு போனார்கள். 1963 கடைசியில் கொங்கிரஸ் அரச நிறுவனங்களின் செலவை வெட்டியது. வெட்டு மௌனா லோவாவுக்கும் வந்தது. அடுத்த வருடத்தின் மூன்று மாதம் மைனஸ் 99.99. பிறகு தேசிய விஞ்ஞான மன்றம் கைகொடுக்க, மே மாதம் கோடு திரும்பத் தொடங்குகிறது.

பிரச்சினை அதோடும் முடியவில்லை. 1970களில் அதே மன்றத்துக்கு வேறொரு சந்தேகம் வந்தது. பத்து வருடத்துக்கு மேலாக ஒரே இடத்தில் ஒரே வாயுவை அளப்பது ஆய்வா, வழமையான கண்காணிப்பா? ஆய்வு என்றால் புதிதாக ஏதாவது வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் காலம் நீட்டக் கேட்கும்போது கீலிங் தன்னுடைய பழைய வேலையைப் புது வேலை மாதிரி எழுத வேண்டியிருந்தது. முன்மொழிவு எழுதிப் பழகின ஆட்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். கீலிங்கே கடைசிக் காலத்தில் எழுதிய நீண்ட தன்வரலாற்றுக் கட்டுரையில் விஞ்ஞானம் எவ்வளவோ, அவ்வளவுக்கு இந்தக் காசுக் கதையும் வருகிறது. 2005இல் அவர் இறந்தார். வேலையைத் தொடர்ந்த மகன் றால்ஃப் கீலிங் 2013 அளவில் பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டிவந்தது. அது அந்த மலையில் அளவு முதன்முறை 400ஐத் தொட்ட வருடம். 2024இன் சராசரி 424ஐத் தாண்டிவிட்டது.

சரி, கொங்கிரஸ் ஏன் ஒவ்வொரு வருடமும் காசை எண்ணிக் கொடுக்கிறது? ஒரேயடியாகப் பத்து வருடத்துக்குக் கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் ஆய்வுகூடத்தை விட்டுவிட்டு இங்கிலாந்தின் 1689ஆம் வருடத்துக்குப் போக வேண்டும். இரண்டாம் ஜேம்ஸ் அரசனைத் துரத்திய பிறகு, புதிய அரசன் படையை வைத்துக்கொண்டு நாடாளுமன்றத்தை மிரட்டாமல் இருக்கவேண்டும் என்று பார்த்தார்கள். படையை ஒழுங்கில் வைக்கும் சட்டத்தையும் அதற்கான காசையும் குறுகிய காலத்துக்கு மட்டும் அனுமதித்தார்கள். அரசனுக்குத் திரும்பக் காசு வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தைக் கூட்டத்தான் வேண்டும். அதே பயம் அமெரிக்க அரசியலமைப்பிலும் எழுதப்பட்டிருக்கிறது: சட்டம் இல்லாமல் திறைசேரியிலிருந்து ஒரு சதமும் வெளியே போகக்கூடாது, படைக்கு ஒதுக்கும் காசு இரண்டு வருடத்துக்கு மேல் நீளக்கூடாது. மற்றச் செலவுகளுக்கு அந்த எல்லை எழுதப்படவில்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒருதரம் ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அரசனின் வாளுக்குப் போட்ட பூட்டு, இருநூறு முந்நூறு வருடம் கழித்து மலை உச்சியில் காற்று அளந்துகொண்டிருந்த மனிசனின் கதவிலும் தொங்கியது.

இதை முன்கூட்டியே யோசித்தவர்கள் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் விஞ்ஞான முயற்சிகளை நடத்திய வன்னேவர் புஷ், 1945 ஜூலையில் ஜனாதிபதி ட்றூமனிடம் கொடுத்த அறிக்கையில், அரசு ஆய்வுக்கு உதவுவதென்றால் கடைப்பிடிக்க வேண்டிய ஐந்து அடிப்படைகளைச் சொல்கிறார். முதலாவதே, தொகை எவ்வளவாக இருந்தாலும் பல வருடங்களுக்கு அது தளம்பாமல் இருக்க வேண்டும் என்பது. எவ்வளவு என்பதற்கு முன்னால் எவ்வளவு காலம் என்பதை வைத்தார். அதை நடத்துவதற்கு அரசியல்வாதிகளின் கை எட்டாத ஒரு அமைப்பையும் கேட்டார். 1947இல் அந்த மாதிரியான ஒரு சட்டமூலம் கொங்கிரஸில் நிறைவேறி ட்றூமனின் மேசைக்கு வந்தது. அவர் கையெழுத்துப் போட மறுத்தார். மக்களின் காசை, மக்கள் தெரிவுசெய்த எவருக்கும் பதில் சொல்லாத பகுதிநேர ஆட்களின் கையில் கொடுக்க முடியாது என்பதுதான் அவருடைய வாதம். மூன்று வருடம் இழுபட்டு, பணிப்பாளரை ஜனாதிபதியே நியமிப்பார் என்ற ஏற்பாட்டோடு 1950 மே மாதம் தேசிய விஞ்ஞான மன்றம் சட்டமானது.

ட்றூமன் செய்தது பிழையென்று எங்களால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு வருகிறோம்.

இப்படி அமைந்த ஏற்பாட்டில் மானியத்துக்கு இரண்டு வயது இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், சுருக்கமாக என்.ஐ.எச்., உலகத்திலேயே அதிகம் மருத்துவ ஆய்வுக்குக் காசு கொடுக்கும் இடம். அங்கே ஒரு ஆய்வாளருக்கு நாலு வருடம், ஐந்து வருடம் என்று அறிவிப்பார்கள். ஆனால் கையில் வருவது பெரும்பாலும் ஒரு வருடக் காசு. மிச்ச வருடங்களுக்கு, கொங்கிரஸ் காசு ஒதுக்கினால் தருவோம் என்ற வாக்கு மட்டும்தான். சொல்லில் ஐந்து வயது, காசில் ஒரு வயது.

அந்தச் சொல்லில் இருக்கிற நாலையும் ஐந்தையும் யார் குறிக்கிறார்கள் என்று பார்த்தால், அதிலும் ஆய்வின் தேவை பெரிதாக இல்லை. அது ஒரு சீட்டுக்கணக்கு. வருடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் இருக்கிறது, ஒரு ஆய்வுக்கு வருடத்துக்கு ஒரு ரூபாய் என்று வையுங்கள். மூன்று வருட மானியம் கொடுத்தால், எந்த வருடமும் எட்டு ரூபாய் பழைய ஆட்களுக்குப் போக, நாலு பேரைப் புதிதாக எடுக்கலாம். ஆறு வருட மானியம் கொடுத்தால் இரண்டு பேரைத்தான் எடுக்கலாம். மொத்தமாக வேலை செய்பவர்கள் எப்போதும் பன்னிரண்டு பேர்தான். ஆனால் வாசலில் நிற்பவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிவது, போன வருடம் நாலு கதிரை இருந்தது, இந்த வருடம் இரண்டு.

இது வெறும் உதாரணக் கணக்கு இல்லை. 1980களில் என்.ஐ.எச். தன் மானியங்களின் காலத்தைக் கூட்டிக்கொண்டு போனது. ஆய்வாளர்கள் எந்நேரமும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைக் கொஞ்சம் வேலை செய்ய விடுவோம் என்ற நல்ல எண்ணம்தான். சராசரி மூன்று வருடத்துக்குச் சற்று மேலே இருந்து நாலைத் தாண்டியது. 1990 அளவில் கொடுத்த வாக்குகளே வருடாந்தக் காசின் பெரும்பகுதியை விழுங்க, புதிய மானியங்களின் எண்ணிக்கை சடாரென்று விழுந்தது. இளம் ஆய்வாளர்கள் கொதித்தார்கள். அதற்குப் பிறகு சராசரியை நாலு வருடத்தில் கட்டிவைப்பது என்று முடிவானது. நாலு என்ற எண் அப்படி வந்தது. புற்றுநோய்க்கு நாலு வருடம் போதும் என்று எவரும் கண்டுபிடிக்கவில்லை. வாசலில் நின்றவர்களின் கோபத்துக்கும் உள்ளே இருந்தவர்களின் களைப்புக்கும் நடுவில் ஒரு இடம் பார்த்தார்கள்.

2025இல் இதே கணக்கு வேறொரு உருவத்தில் வந்தது. அந்த நிதியாண்டில் எஞ்சியிருந்த மானியக் காசில் பாதியை, முழுக்காலத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும் என்று வெள்ளை மாளிகையின் பாதீட்டு அலுவலகம் பணித்தது. கேட்டவுடன் நல்ல செய்தி மாதிரி. ஐந்து வருடக் காசு கைக்கு வருகிறது, இனி ஆய்வாளருக்கு நித்திரை வரும். ஆனால் ஒருவருக்கு ஐந்து வருடத்தையும் ஒரே வருடக் காசிலிருந்து கொடுத்தால் மற்ற நாலு பேர் அந்த வருடம் வெறுங்கையோடு போக வேண்டும். விண்ணப்பித்தவர்களில் வென்றவர்களின் வீதம் இறங்கியது. காலத்தை நீட்டுவதாலேயே கதவைச் சாத்தலாம் என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பாடம்தான்.

அப்படியென்றால் நீண்ட வேலைகள் எப்படித்தான் நடந்தன? மக்ஸ் பெருட்ஸின் கதையைப் பாருங்கள். வியன்னாவில் பிறந்து 1936இல் கேம்பிரிட்ஜ் போன இளைஞர். இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபின் என்ற பெரிய மூலக்கூறின் அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று அடுத்த வருடம் தொடங்கினார். அதைவிடப் பல மடங்கு சிறிய மூலக்கூறுகளுக்கே அப்போது திணறிக்கொண்டிருந்தார்கள். 1938இல் ஹிட்லர் ஒஸ்ரியாவை விழுங்க, வீட்டுக் காசு நின்றது. 1939 முதல் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. போர் வந்தது, பெருட்ஸ் எதிரிநாட்டவர் என்று பிடித்து அடைக்கப்பட்டார், பிறகு வந்து திரும்பத் தொடங்கினார். 1947இல் பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபை அவருக்கும் ஜோன் கென்ட்ரூவுக்குமாக ஒரு சிறிய ஆய்வு அலகையே அமைத்துக் கொடுத்தது. 1949இல், தொடங்கிப் பன்னிரண்டு வருடம் கழித்து, ஒரு மாதிரியை வெளியிட்டார். அது பிழை. அதைப் பிழையென்று காட்டியவர் அதே அலகில் புதிதாகச் சேர்ந்த பிரான்சிஸ் கிறிக். 1953இல்தான் சரியான வழி பிடிபட்டது. விடை வந்தது 1959இல், 1962இல் நொபெல் பரிசு.

மொத்தம் இருபத்திரண்டு வருடம். இதை மூன்று வருட மானியங்களாக வெட்டிப் பாருங்கள். நாலாவது மானியத்தின் இறுதி அறிக்கையில் என்ன எழுதுவது? "பன்னிரண்டு வருடம் வேலை செய்தோம், ஒரு மாதிரியை வெளியிட்டோம், பக்கத்து மேசைப் பையன் அது பிழை என்கிறான்" என்றா? ஐந்தாவது மானியம் கிடைத்திருக்குமா? ஆனால் அவருக்குக் காசு கொடுத்தவர்கள் பார்த்தது திகதியை அல்ல, ஆளை. அதற்கு மறுபக்கமும் உண்டு. ஆளைப் பார்த்துக் கொடுப்பதென்றால் கேம்பிரிட்ஜில் இருக்கிற ஆளையும் அவருக்காகக் கடிதம் எழுதப் பெரிய மனிசர் இருக்கிற ஆளையும்தான் பார்ப்பார்கள். பெருட்ஸின் பின்னால் நொபெல் பரிசு பெற்ற லோறன்ஸ் பிராக் நின்றார். பிராக் மாதிரி ஒருவர் இல்லாமல் அதே காலத்தில் கைவிடப்பட்ட ஆய்வுகளுக்கு வரலாறு எழுதப்படுவதில்லை.

கலைப்பீடத்துப் பிள்ளைகள் எங்களுக்கு இன்னும் கிட்டடியில் ஒரு கதை இருக்கிறது. மதராஸ் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். மதராஸ் அரசின் ஆதரவோடு 1913இல் அமெரிக்கப் பாதிரியார் சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வேலை தொடங்கியது. அடித்தளமாக எடுத்தது 1862இல் வெளியான வின்சுலோ அகராதியை. அந்த அகராதியின் வேரோ யாழ்ப்பாணத்து மிசனரிகளும் அவர்களோடு இருந்த தமிழ்ப் புலவர்களும் சேர்த்த சொற்களில் இருக்கிறது. தொடக்கத்தில் போட்ட மதிப்பீடு ஒரு லட்சம் ரூபாய். 1926இலிருந்து வையாபுரிப்பிள்ளை தலைமை ஏற்று, ஆறு தொகுதிகளும் முடிந்தபோது 1936. செலவு நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் அகராதிக்கு 1879இல் போட்ட ஒப்பந்தம் பத்து வருடம். ஐந்து வருடத்தில் வெளிவந்த முதல் பகுதி ஏ எழுத்தையே முடிக்கவில்லை. முழுவதும் முடிய 1928 ஆகியது. இன்றைக்கு இப்படி ஒரு விண்ணப்பம் எழுதினால் "காலமும் செலவும் யதார்த்தமாக மதிப்பிடப்படவில்லை" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வரி சரியாகவும் இருக்கும். சொற்களுக்கு முடிவுத் திகதி போட்டவர்கள் எல்லோருக்கும் கணக்குப் பிழைத்திருக்கிறது.

இப்போது நீண்ட காலக் காசு கொடுப்பவர்கள் யாரென்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. அமெரிக்காவின் ஹவார்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவகம் தன் ஆய்வாளர்களுக்கு முன்பு ஐந்து, இப்போது ஏழு வருடம் கொடுக்கிறது, திரும்பவும் புதுப்பிக்கிறது. லண்டனின் வெல்கம் அறக்கட்டளை எட்டு வருடம் வரை போகிறது. முன்னையது, பெரும் பணக்காரரான ஹியூஸ் வரிக்குத் தப்பவும் சேர்த்து 1953இல் தொடங்கியது. பின்னையது, மருந்து வியாபாரி ஹென்றி வெல்கமின் உயிலில் இருந்து வந்தது. இரண்டும் சொந்த முதலின் வருமானத்தில் ஓடுகிற அமைப்புகள். எந்த நாடாளுமன்றத்தின் முன்னாலும் வருடாவருடம் போய் நிற்கத் தேவையில்லை.

அந்தப் பொறுமைக்குப் பலன் இருக்கிறதா? பியர் அசூலே, ஜோசுவா கிராஃப் சிவின், குஸ்தாவோ மன்சோ என்ற மூன்று பொருளியலாளர்கள் 2011இல் ஹியூஸ் ஆய்வாளர்களையும், அவர்களைப் போலவே தகுதியுள்ள ஆனால் என்.ஐ.எச். காசில் ஓடியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஹியூஸ் ஆட்கள் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். அதே நேரம் எவரும் கவனிக்காத தோல்விக் கட்டுரைகளையும் கூடுதலாக எழுதியிருந்தார்கள். எங்களுக்கு இரண்டாவது பாதிதான் பிடித்தது. பயமில்லாமல் விழுந்திருக்கிறார்கள். ஆனால் இதை வைத்துக் காலத்தை நீட்டினால் எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. ஹியூஸ் கொடுப்பது காலம் மட்டுமில்லை. முதல் தவணையில் தவறினாலும் பொறுக்கும், பாதியில் பாதையை மாற்றினாலும் கேட்காது. என்.ஐ.எச்.சும் 1986 முதல் தேர்ந்தெடுத்த சிலருக்குப் பத்து வருடம் வரை நீளும் மானியம் கொடுத்துப் பார்த்தது. அது பெரும்பாலும் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்களுக்குத்தான் போனது.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பகுதி சொன்னது: வருடாந்தக் காசு ஆய்வைக் கொல்கிறது, கீலிங்குக்கு நடந்ததைப் பார், கிணத்துக்கு நடந்ததைப் பார். மற்றப் பகுதி கேட்டது: யாருக்கும் கணக்குக் காட்டாத காசுதான் பொறுமையாக இருக்கும் என்றால், கோடீசுவரர்களின் உயிலை நம்பியா இருக்கப் போகிறோம்? மக்களின் காசை வருடாவருடம் எண்ணிப் பார்க்கும் உரிமையை ஒரு அரசனின் கையில் இருந்து பிடுங்கியல்லவா எடுத்தார்கள்? ட்றூமனின் கேள்வி இன்னும் சாகவில்லை. எங்கட நாட்டில் கணக்குக் கேட்காமல் போன காசு எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாதா?

இரண்டுக்கும் நடுவில் வழி தேடியவர்களும் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் 1919இல் அமைந்த பல்கலைக்கழக மானியக் குழு, அரசின் காசை ஐந்து வருடத் தவணையாக மொத்தமாகப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்து, உள்ளே அதை எப்படிப் பிரிப்பது என்பதை அவர்களிடமே விட்டது. 1970களின் பணவீக்கம் அந்தத் தவணையைத் தின்றுவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன் எழுதின தொகைக்கு மதிப்பே இல்லாமல் போனது. ஜேர்மனியில் 1968 முதல் நடக்கிற கூட்டு ஆய்வு மையங்கள் பன்னிரண்டு வருடம் வரை போகலாம், நாலு வருடத்துக்கு ஒருதரம் சோதனை. அரச காசுதான். அதாவது காலத்தை நீட்டுவதும் கணக்குக் கேட்பதும் ஒன்றையொன்று வெட்டத்தான் வேண்டும் என்றில்லை. எத்தனை வருடத்துக்கு ஒருதரம் கேட்பது, என்ன கேட்பது, விழுந்தவரை என்ன செய்வது என்பதில்தான் வேலை இருக்கிறது. வலிகாமத்துக் கிணறுகளுக்கு எத்தனை வருடம் வேண்டும் என்று அந்தத் திட்டம் தொடங்கும்போது யாராவது கிணற்றுக்காரரிடம் கேட்டிருந்தால், ஒரு நல்ல மாரியும் ஒரு மோசமான மாரியும் வந்து போகும்வரை என்று ஆச்சியே சொல்லியிருப்பா. எங்கள் இரண்டு மாரியும் நல்ல மாரி. வற்றினால் என்ன நடக்கும் என்பதை அளக்கத்தான் போனோம், வற்றமுதல் வந்துவிட்டோம்.

கொப்பி எங்களிடம்தான் இருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே இன்னும் இருபத்துச் சொச்சம் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. போன மாதம் மூன்று பேர் சைக்கிளில் போனோம். பதினாறு கிணற்றுக்கும் போகக் கட்டாது, வீடுகள் சிலவற்றில் ஆட்களும் மாறிவிட்டார்கள். மூன்று கிணறு அளந்தோம். அதில் ஒன்று ஆச்சியின்ரை. நாடா பழசு, முதல் இரண்டு அடியில் இலக்கம் அழிந்துவிட்டது. நடுவில் போன மாதங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்து, கடைசியில் ஒவ்வொரு கட்டத்திலும் மைனஸ் 99.99 என்றே எழுதினோம்.